ஒரே காற்றுக்கு மூன்று எடை

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய அண்ணா அவர்களுக்கு,

உங்கள் தங்கை கைகூப்பி எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் தடையில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். முன்பெல்லாம் இரண்டு வரியில் நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்துவிடுவேன். இப்போது "இங்கே நாங்கள் நலம்" என்று எழுதப் பேனா தயங்குகிறது. எழுதினால், உள்ளறையில் படுத்திருக்கும் உங்கள் மாப்பிள்ளை, "எத்தனை மணி நிலவரம்? இப்ப உள்ளதா, இருபத்து நாலு மணி நேரச் சராசரியா?" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார். அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பெரியவனுக்குப் புது வேலை பிடித்திருக்கிறதா? இதற்கெல்லாம் சாவகாசமாகப் பதில் எழுதுங்கள். ஆனால் முதலில் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். அந்தப் பெட்டியை எங்கள் வீட்டுக்கு அனுப்பும்போது நீங்கள் என்னதான் நினைத்துக்கொண்டு அனுப்பினீர்கள்?

உங்களுக்குத் தெரியாததில்லை. எடை அளவு ஆய்வாளராக முப்பத்தொரு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கி, தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த காந்தத்தையெல்லாம் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர் உங்கள் மாப்பிள்ளை. அவர் தெருமுனையில் திரும்பினாலே கறிக்கடைக்காரர்கள் ஒரு துண்டு அதிகமாகப் போட்டுக் கட்டுவார்களாம். அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்று வீட்டோடு வந்துவிட்டார். முதல் வாரம் சமையலறைத் தராசைச் சோதித்தார். இரண்டாம் வாரம் பால் பாக்கெட்டுகளை அளந்தார். மூன்றாம் வாரம் என் லாண்டரிக்கு வரும் துணி மூட்டையை ஈரமாக ஒரு தரமும் காய்ந்தபிறகு ஒரு தரமும் நிறுத்து, "மூணே கால் கிலோ கொறையுது, எங்க போச்சு?" என்று என்னிடமே விசாரணை வைத்தார். "மொட்டை மாடிக்குப் போய் வெயிலைக் கேளுங்க" என்றேன். அன்றைக்குத்தான் உங்களுக்கு ஃபோன் செய்து புலம்பினேன். "மாப்பிள்ளைக்குப் பொழுது போகணும், அவ்வளவுதானே? நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள்!

பெட்டி வந்தபோது நான் சந்தேகப்படவில்லை. சோப்புப் பெட்டி அளவுதான். பக்கவாட்டில் இரண்டு ஓட்டை, உள்ளே ஒரு குட்டி விசிறி, முகத்தில் ஒரு எண். காற்றில் மிதக்கும் நுண்தூசியை எண்ணி, எடை போட்டுச் சொல்லுமாம். முதல் ஒரு மாதம் பன்னிரண்டு, பதிமூன்று, பதினொன்று என்று சமர்த்தாகக் காட்டிக்கொண்டிருந்தது. சண்டைக்கு வராத மீட்டரில் அவருக்கு என்ன சுவாரசியம்? இரண்டு வாரத்தில் பெட்டி கடை மேசைக்கு வந்து, துணிச் சீட்டுகள் பறக்காமல் இருக்க மேலே உட்கார்ந்துகொண்டது. உருப்படியான வேலை கிடைத்ததே என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

அப்புறம்தான் வடக்கே மலைக்காடு பற்றிக்கொண்டது. காற்று எங்கள் பக்கம் திரும்பியது. செவ்வாய்க்கிழமை காலையில் துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனால் எதிரே இருக்கிற தண்ணீர்த் தொட்டியைக் காணோம். கண்ணாடியைத் துடைத்தேன். கண்ணைத் துடைத்தேன். தொட்டி வரவில்லை. தொண்டைக்குள் யாரோ காகிதம் கொளுத்திய மாதிரி இருந்தது. கீழே இறங்கி வந்து சொன்னதுதான் தாமதம், உங்கள் மாப்பிள்ளை செருப்பைக்கூட மாட்டாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார். அரை மணி கழித்துத் திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்த்தேன். நாலு மாதமாக வாடிக் கிடந்த முகம் பளிச்சென்று இருந்தது. ஏதோ ஒரு தராசு பொய் சொல்லிவிட்டது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"ஒரே காத்து, மூணு எடை," என்றார். மூன்று எண்ணையும் என் துணிச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். "நம்ம பெட்டியில எம்பத்தெட்டு. ஃபோன்ல நூத்தி எழுவத்தி நாலு. பஸ் ஸ்டாப்புல நகர அலுவலகம் வெச்சிருக்கற பலகையில எழுவத்தொண்ணு, கீழ 'மிதமானது'ன்னு வேற எழுதியிருக்கு. ஒரு கடையில இப்படி மூணு தராசு இருந்தா அந்த ஆளை நான் சும்மா விட்டிருப்பேனா?"

"காத்தை யாருங்க விக்கறாங்க? விடுங்களேன்."

"விக்கலைன்னா என்ன? அளந்து பலகையில போட்டாச்சுல்ல? போட்டா சரியா போடணும்."

நான் என்ன செய்தேன் தெரியுமா, அண்ணா? மூன்றில் எது சின்னதோ அதை எடுத்துக்கொண்டேன். ஊர்ப் பலகையே எழுபத்தொன்று, மிதம் என்று சொல்லும்போது நமக்கென்ன? அடுத்த தெரு நர்சிங் ஹோமின் வெள்ளைப் பெட்ஷீட் அறுபதையும் கொண்டுபோய் மாடியில் விரித்தேன். இஸ்திரி அக்கா என்னிடம் பன்னிரண்டு வருஷமாக வேலை செய்கிறவர். அதிகம் பேசமாட்டார். அவரே, "எனக்கென்னமோ சரியாப் படலம்மா" என்றார். நான் கேட்கவில்லை. சாயங்காலம் காய்ந்ததும் தேய்த்து, மடித்துக் கொடுத்தனுப்பினோம்.

மறுநாள் காலை மேட்ரன் அம்மாவே நேரில் வந்துவிட்டார். பின்னால் வார்டு ஆயா அறுபது ஷீட்டையும் மூட்டையாகச் சுமந்துகொண்டு நின்றார். "உங்க துணி வந்ததுலேருந்து வார்டு பூரா பொகை நாத்தம்," என்றார் மேட்ரன். "ஏழாம் நம்பர் பெட்டுல இருக்கற பெரியவர்தான் ஒளிஞ்சு சிகரெட் குடிக்கறாருன்னு அவர் பை, தலையணை, பல்செட்டு டப்பா வரைக்கும் சோதனை போட்டுட்டோம். அவரு சிகரெட்டை விட்டு நாப்பது வருஷம் ஆச்சாம். 'இந்த வயசுல என் மேல பழியா'ன்னு அழுதுட்டாரு. கடைசியில பாத்தா அவர் போத்தியிருந்த உங்க ஷீட்டுதான் நாறுது!" எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உங்கள் மாப்பிள்ளைக்கோ ஒரே ஆனந்தம். மேட்ரன் போனதும், "பாத்தியா? எழுவத்தொண்ணு பொய். நிரூபணம் ஆயிடுச்சு," என்றார். அறுபது ஷீட்டை மறுபடி துவைக்கப்போவது யார் என்பது மட்டும் அவர் நிரூபணத்தில் வரவே இல்லை.

சரி, மாடி வேண்டாம், கடைக்குள்ளேயே உலர்த்துவோம் என்று குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி ஈர ஷீட்டுகளைத் தொங்கவிட்டோம். புகை வரக்கூடாது என்று ஜன்னல், கதவு எல்லாம் சாத்தச் சொன்னார். சாத்தினோம். இடுக்குகளில் பழைய துணியைச் சுருட்டித் திணிக்கச் சொன்னார். திணித்தோம். இஸ்திரி அக்கா ஈரம் தெளித்துத் தெளித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் ஒரு வக்கீல் உட்கார்ந்திருந்தார், பாவம். கோர்ட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸில் யாரோ அவர் கால்சட்டையில் டீயைக் கொட்டிவிட, "பத்து நிமிஷத்துல அலசித் தேச்சுக் குடுத்துடுங்கம்மா" என்று கழற்றிக் கொடுத்துவிட்டு, என் ஷீட் ஒன்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு கேஸ் கட்டைப் படித்துக்கொண்டிருந்தார். மேலே கறுப்புக் கோட்டு, கழுத்துப் பட்டை எல்லாம் அம்சமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் மாப்பிள்ளை பெட்டியை உள்ளே கொண்டுவந்து மேசையில் வைத்தார். நூற்று முப்பது. இருநூற்று அறுபது. அப்புறம் அவருக்கு உட்காரவே முடியவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு!

"எல்லாரும் வெளிய வாங்க! ஒரு நிமிஷம்கூட உள்ள நிக்கக்கூடாது!" என்று கத்திக்கொண்டே அக்காவின் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார், என்னைத் தள்ளினார், திரையை விலக்கி வக்கீலின் கையைப் பிடித்து இழுத்தார். அவர், "சார், சார், என் பேண்ட்டு" என்று சொல்லிப் பார்த்தார். "உயிர் பெருசா பேண்ட்டு பெருசா?" என்று நடுத்தெருவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஒரு கையில் கேஸ் கட்டு, ஒரு கையில் இடுப்பு ஷீட்டின் முடிச்சு. ஷீட்டின் ஓரத்தில் 'மகப்பேறு வார்டு' என்று நர்சிங் ஹோமின் முத்திரை கொட்டை எழுத்தில் தெரிந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று வாசித்துவிட்டுப் போனார்கள். அவருடைய கட்சிக்காரர் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி, "என்ன சார், இங்க?" என்று கேட்க, வக்கீல் ரொம்பக் கௌரவமாக, "ஒரு சின்ன வாய்தா," என்றார்.

வெளியே பெட்டி தொண்ணூற்றாறு காட்டியது. அதாவது, புகை இல்லாத இடத்திலிருந்து எங்களைப் புகைக்குள் காப்பாற்றிக் கொண்டுவந்திருக்கிறார்! அப்போது இஸ்திரி அக்கா வாயைத் திறந்தார். "ஐயா, அது பொகை இல்ல. ஆவி. ஈரத் துணியில சூடு வெச்சா ஆவி வரும். அதைத்தான் உங்க பெட்டி எண்ணிக்கிட்டு இருக்கு."

"ஆவிக்கும் பொகைக்கும் வித்தியாசம் தெரியாதா ஒரு மீட்டருக்கு?"

"உங்களுக்கே தெரியலையேய்யா," என்றார் அக்கா.

அண்ணா, அன்று மத்தியானமே உட்கார்ந்து மனு எழுத ஆரம்பித்துவிட்டார். மறுநாள் காலை சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பெட்டி, பலகையைப் படம் எடுத்த ஃபோன், நாலு பிரதியில் எழுதிய மனு எல்லாவற்றோடும் நகர அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார். மனுவின் தலைப்பு: 'ஒரே பொருளுக்கு மூன்று எடை காட்டி மக்களைக் குழப்புதல் குறித்து'. வாசலில் இருந்த காவலாளி, "காத்துக்கு மூணாவது மாடி" என்று அனுப்பினாராம். மூன்றாவது மாடியில் மின்விசிறி ஓடவில்லையாம். காற்றுப் பிரிவில் காற்றே வரவில்லை என்று தன் மனுவில் ஐந்தாவது பத்தியாகச் சேர்த்துக்கொண்டார். அங்கிருந்தவர்கள் அவரை இன்னும் மேலே, மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சின்ன வயதுப் பெண், முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு, காற்றை அளக்கும் பெரிய இயந்திரத்தின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். அந்தப் பெண்தான் அதைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பக்காரர். இவர் மனுவை நீட்டினார். அந்தப் பெண் படித்துவிட்டு, "சார், நீங்க என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். சொன்னார். "அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம். உக்காருங்க," என்று கவிழ்த்துப் போட்ட வாளியைக் காட்டினாராம்.

மத்தியானம் திரும்பி வந்தபோது நான் ஷீட் மடித்துக்கொண்டிருந்தேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் கேட்காமல் வந்து பிடித்தது அதுதான் முதல் தடவை.

"யாரும் யாரையும் ஏமாத்தலை," என்றார். குரலில் அவ்வளவு சோகம். குற்றவாளியே இல்லாத கேஸ் அவர் வாழ்க்கையில் இதுதான் முதல்.

"அப்புறம் ஏன் மூணு நம்பர்?"

"நம்ம பெட்டியில வர்றது எடை. ஒரு கன மீட்டர் காத்துல எத்தனை மைக்ரோகிராம் தூசின்னு. ஃபோன்ல வர்றது எடையே இல்ல, மார்க். இவ்வளவு எடை தூசின்னா உடம்புக்கு இவ்வளவு கெடுதின்னு ஒரு அட்டவணை இருக்கு. அதுல எம்பத்தெட்டு எடைக்கு நூத்தி எழுவத்தி நாலு மார்க். அட்டவணையே ஊருக்கு ஊரு மாறுமாம். எடையும் மார்க்கும் சொல்றது ஒண்ணைத்தான். நான்தான் கிலோவையும் மார்க்கையும் ஒரே தட்டுல வெச்சேன்."

"மார்க் கூட வந்தா நல்லதுதானே?"

"இதுல கூட வந்தா ஃபெயிலு."

"சரி, பலகையில எழுவத்தொண்ணு?"

"அதுவும் மார்க்குதான். ஆனா இருபத்து நாலு மணி நேரச் சராசரி. ஒரு லாரி போனா ஏறும், போயிட்டா எறங்கும். ஒரு நாள் பூரா ஒரு மனுஷன் எவ்வளவு இழுத்திருப்பான்னு தெரியறதுக்குச் சராசரிதான் சரின்னு அந்தப் பொண்ணு சொல்லுது. செவ்வாய்க்கிழமை காலையில பலகை காட்டினது, திங்கக்கிழமை காத்து."

நான் ஷீட்டைக் கீழே விட்டுவிட்டேன். "அப்ப நேத்து காத்தைப் பாத்துட்டு இன்னைக்குத் துணி காயப்போட்டேனா?"

"ஊரே அதைத்தான் செய்யுது," என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அப்போதே நான் அந்தப் பெட்டியைக் கொதிக்கிற நீரில் போட்டிருக்க வேண்டும். ஈரம் பட்டால் தூசி என்று எண்ணும், நீராவியிலும் மூடுபனியிலும் அதை நம்பாதீர்கள் என்றும் அந்தப் பெண் சொல்லி அனுப்பியிருந்தார். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

வெள்ளிக்கிழமை காற்று திரும்பி, அரை நாள் வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. பெட்டியில் பதினேழு. பலகையிலோ சிவப்பு எழுத்தில் நூற்று அறுபத்தெட்டு. பலகையைப் பார்த்த சனம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் வேர்த்து வடிந்துகொண்டிருந்தது. நல்ல காற்று அத்தனையும் தெருவில் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. உங்கள் மாப்பிள்ளை மட்டும் நடுத்தெருவில் நின்று பலகையைக் கையால் காட்டி, "இது நேத்து! இது நேத்து! எல்லாரும் ஜன்னலைத் தெறங்க!" என்று கத்தினார். இரண்டு பேர் திறந்தார்கள். மற்றவர்கள் இன்னொரு தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டார்கள். அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள், 'நேத்து சார்' என்று. எனக்கும் ஒரு பெயர் வந்தது. 'நேத்து சார் வீட்டம்மா'. பதினேழு வருஷமாக லாண்டரி நடத்துகிறேன். 'லாண்டரி அம்மா' என்று ஒருத்தரும் என்னைக் கூப்பிட்டதில்லை!

சனிக்கிழமை புகை திரும்பி வந்தது, முன்னைவிடக் கெட்டியாக. அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் பலகைக்குக் கீழே போய் நின்றுகொண்டார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் எல்லாம் பெட்டியைக் காட்டி, எடை எது, மார்க் எது, இன்றைக்கு எது, நேற்றைக்கு எது என்று பாடம். முதலில் சிரித்தவர்கள் அப்புறம் கேட்டார்கள். நடைப்பயிற்சிக்குப் போகிற ஒன்பது பெரியவர்கள் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் நடப்பதா திரும்புவதா என்று முடிவு செய்தார்கள். பழக்கடைக்கார அம்மா நாளுக்கு மூன்று தரம் ஆள் அனுப்பிக் கேட்டார். எல்லாம் சரி, ஆனால் மாஸ்க் போடமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கேட்டால், "மாஸ்க் போட்டுக்கிட்டுச் சொன்னா 'நேத்து'ங்கறது 'காத்து'ன்னு கேக்குது. அர்த்தமே மாறிடுது," என்கிறார். நான் திட்டினேன். மாஸ்க்கைக் கொண்டுபோய் எல்லோர் முன்னாலும் காதில் மாட்டிவிட்டு வந்தேன். நான் திரும்பிய அடுத்த நிமிஷம் அது தாடைக்கு இறங்கிவிட்டது என்று பழக்கடைக்கார அம்மா சொன்னார்.

புதன்கிழமை பெட்டி நூற்றுத் தொண்ணூறு காட்டியது. எடை, அண்ணா, மார்க் இல்லை. பள்ளிக்கூடம் போக நின்ற பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினார். ஒன்பது பெரியவர்களைத் திருப்பி அனுப்பினார். பழக்கடையைச் சாத்த வைத்தார். எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டு இவர் மட்டும் வெளியே நின்றார், இன்னும் யாராவது வந்தால் சொல்ல ஆள் வேண்டுமாம். பத்தரை மணிக்குக் கடை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவிலிருந்து கடைக்கு மூன்றே படி. முதல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. படி கூடிடுச்சா? அஞ்சாறு இருக்கற மாதிரி இருக்கு."

மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள்ளிருந்து ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். உதடு வெளுத்திருந்தது. இஸ்திரி அக்கா எதுவும் கேட்காமல் ஓடிப்போய் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு வந்தார். அடுத்த தெருதானே நர்சிங் ஹோம், அங்கேயே கொண்டுபோனோம். நான் துவைத்த ஷீட்டின்மேலேயே படுக்கவைத்தார்கள். நர்ஸ் ஒரு கிளிப்பை அவர் விரலில் மாட்டினார். ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று காட்டுவதாம். எண்பத்தொன்பது என்று வந்தது. நர்ஸின் முகம் மாறியதைப் பார்த்தேன். உங்கள் மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார். மூச்சுக்கு நடுவில், விட்டு விட்டு, என்ன கேட்டார் தெரியுமா?

"இந்த மெஷினை... எப்ப... சோதனை பண்ணீங்க?"

"சார், பேசாதீங்க."

"உங்க விரல்ல... போட்டுக் காட்டும்மா."

நர்ஸ் வேறு வழியில்லாமல் தன் விரலில் போட்டுக் காட்டினார். தொண்ணூற்றெட்டு. கண்ணால் என்னைக் காட்டினார். எனக்குப் போட்டார்கள். தொண்ணூற்றேழு. அப்போது உள்ளே வந்த மேட்ரன் அம்மாவையும் காட்டினார். தொண்ணூற்றெட்டு. மறுபடி அவர் விரலில் போட்டார்கள். எண்பத்தொன்பது.

"மெஷின் சரியாத்தான் இருக்கு," என்றார். அப்புறம் மெதுவாக, "அப்படின்னா கொறையறது நான்தான்," என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தராசைப் பார்த்துப் பயந்து நான் பார்த்ததில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். கிளிப் மாட்டாத கையை. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்தார்கள், மருந்தை ஆவியாக இழுக்க வைத்தார்கள். பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் கட்டில் பக்கத்து ஸ்டூலை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. தொண்ணூறு. தொண்ணூறு. தொண்ணூற்றொன்று. அவர் முகத்தைப் பார்த்தால் அழுகை வரும் போல இருந்தது, அதனால் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றொன்று மறுபடி தொண்ணூறுக்கு இறங்கியபோது நர்ஸைக் கூப்பிட்டு, "இது இப்ப உள்ளதா, சராசரியா?" என்று கேட்டேன். கேட்டது நானேதான், அண்ணா. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

நாலு மணிக்குத் தொண்ணூற்று நாலு வந்தது. அவர் ஒரு கண்ணைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்தார். குனிந்து காதைக் கொடுத்தேன். "ஷீட்டு மூலையில ஒரு கறை இருக்கு," என்றார். "அது மருந்துக் கறை, போகாது. வாயை மூடிக்கிட்டு மூச்சு விடுங்க," என்றேன். பிழைத்துவிட்டார் என்று அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. வெளியே வராந்தாவுக்குப் போய் ஒரு பாட்டம் அழுதேன். மேட்ரன் அம்மா ஒரு தம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கிளம்பும்போது டாக்டர், "ஊரையெல்லாம் உள்ள போகச் சொன்னீங்களாமே சார், உங்களை யாரு சொல்றது?" என்று கேட்டார். "எனக்கு அங்க வேலை இருந்தது," என்றார் இவர். "இனிமே உங்களுக்கு வேலை மூச்சு விடறது மட்டும்தான்," என்றார் டாக்டர். அந்த ஒன்பது பெரியவர்களும் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், எல்லோரும் மாஸ்க்கோடு. முந்தாநாள், நகர அலுவலக மொட்டை மாடியில் இருந்த அந்தப் பெண் ஏணியோடு வந்து, பலகையின் அடியில் ஒரு நீளத் தகட்டை அடித்துவிட்டுப் போனாராம்: 'இது கடந்த 24 மணி நேரச் சராசரி. இப்போதைய நிலைக்குக் கீழே பார்க்கவும்.' கீழே இரண்டாவதாக ஒரு சின்னப் பலகை, அந்தந்த மணிக்கான எண்ணோடு. செய்தி சொன்ன பழக்கடைக்கார அம்மாவிடம், "எழுத்து எவ்வளவு பெருசு? ரோட்டுக்கு அந்தப் பக்கத்துலேருந்து படிக்க முடியுதா?" என்று மூன்று தரம் கேட்டார். முடிகிறது என்றதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் உங்களுக்கு எழுதமாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியை நல்லபடியாகத் துணியில் சுற்றி, இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் உடம்பு தேறுகிறவரை அளக்கிற சாமான் எதுவும் என் வீட்டில் இருக்கக்கூடாது. சமையலறைத் தராசைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அலமாரியில் இருந்த டேப்பை ஒளித்துவிட்டேன். சுவர்க் கடிகாரத்தை மட்டும் விட்டுவைத்தேன். அதையும் சந்தேகமாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். எண்ணால் எனக்குப் பட்டதெல்லாம் போதும், அண்ணா. தண்ணீர்த் தொட்டி கண்ணுக்குத் தெரிந்தால் துணி காயப்போடுவேன், தெரியாவிட்டால் போடமாட்டேன். எனக்கு அந்த ஒரு மீட்டர் போதும். இனிமேல் அவருக்கு ஏதாவது அனுப்ப ஆசைப்பட்டால் ஒரு தலையணை அனுப்புங்கள். முகத்தில் எண் இல்லாததாகப் பார்த்து.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். முழங்காலில் எண்ணெய் தேய்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் படிப்பிலும் வேலையிலும் பெயர் எடுத்து, நெஞ்சு நிறைய நல்ல காற்றோடு நூறு வயது வாழ வேண்டும். உங்களுக்கும் அதே ஆசிதான் தரத் தோன்றுகிறது. வயதில் மூத்தவர் என்பதால் வணக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மேல் கோபமும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பாசமும் உள்ள
தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி, பார்சலுக்குக் கயிறும் கட்டியபிறகு மேட்ரன் அம்மா ஃபோன் செய்தார். "வார்டு ஜன்னலைக் காலையில தெறக்கலாமா வேண்டாமான்னு தெனமும் ஏழு மணிக்கு நீங்க சொல்லணும். பதினாலு நோயாளி இருக்காங்க. வேற யாரைக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல," என்றார். எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அதற்குள் கை கயிற்றை அவிழ்த்துவிட்டது. "ஒம்பது. எடை, மார்க் இல்ல. இப்ப உள்ளது. தாராளமா தெறங்க," என்று சொல்லிவிட்டேன். ஆகையால் பார்சல் வராது. பெட்டி என் சோப்புத்தூள் டின்னுக்குப் பின்னால் இருப்பது அவருக்குத் தெரியாது. உங்களுக்கு அனுப்பிவிட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஃபோனில் விசாரித்தால் பத்திரமாக வந்து சேர்ந்தது என்று சொல்லிவிடுங்கள். எவ்வளவு காட்டுகிறது என்று கட்டாயம் கேட்பார். பன்னிரண்டு என்று சொல்லுங்கள், தூங்கிவிடுவார்.